ஹோசபேட்டையிலிருந்து ஹம்பியை ஒரே நாளில் பார்த்துவரத் தனி வண்டி ஏற்பாடு செய்வது எப்படி?

சென்னையிலிருந்து ஐந்து பேர் வருகிறீர்கள். அவர்களில் ஒருவர் முழங்கால் வலியுள்ள எழுபது வயது அம்மா. கையில் இருப்பது ஒரு பகல். பெங்களூரிலேயே கார் எடுத்துவிடலாமா, ஹோசபேட்டையில் இறங்கிய பிறகு பேசிக்கொள்ளலாமா, எதையெல்லாம் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பெங்களூரில் வசிப்பதால், ஊரிலிருந்து வரும் அத்தை, மாமா, அவர்களுடைய பேரப்பிள்ளைகள் என்று பல வயதினரையும் ஹம்பிக்கு அழைத்துச் செல்லும் பொறுப்பு பெரும்பாலும் என்னிடம்தான் வந்து சேரும். அந்த அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பெங்களூரிலிருந்து கார் எடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வழித் தொலைவே ஏறக்குறைய 340 கிலோமீட்டர் என்பதால், போய்வர எப்படியும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் சாலையிலேயே கழிந்துவிடும். அதன் பிறகு இடிபாடுகளைப் பார்க்க மிஞ்சுவது உச்சிவெயில் நேரம் மட்டுமே. விடிவதற்கு முன்பு புறப்பட்டு, பகல் முழுதும் காத்திருந்து, மறுபடியும் இரவில் நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டும் ஓட்டுநரின் கண்விழிப்பை நம்பி முதியவர்களை ஏற்றிச் செல்வதும் சரியல்ல. பெங்களூரில் இரவு ஹம்பி எக்ஸ்பிரஸ் ஏறினால் காலையில் ஹோசபேட்டையில் இறங்கிவிடலாம். சென்னையிலிருந்து மும்பை மார்க்க ரயிலில் குண்டக்கல் வரை வந்து அங்கே வண்டி மாறுவதும் உண்டு. எந்த வழியில் வந்தாலும், தனி வண்டி என்பது ஹோசபேட்டையிலிருந்து தொடங்கினால் போதும். ஊரிலிருந்து ஹம்பிக்கு 13 கிலோமீட்டர்தான்.

அடுத்து, வாடகை பேசும் முறை. நம் ஊரில் வெளியூர்ப் பயணம் என்றாலே கிலோமீட்டருக்கு இவ்வளவு, ஒரு நாளைக்குக் குறைந்தது இத்தனை கிலோமீட்டர் என்று கணக்குப் போடுவது வழக்கம். ஹம்பிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஹோசபேட்டையில் ஏறி, விட்டலர் கோயில், கமலாபுரம், அரண்மனைப் பகுதி, விருபாட்சர் கோயில் எல்லாம் சுற்றி மறுபடியும் ஹோசபேட்டை வந்து சேர்ந்தாலும் மொத்த ஓட்டம் பொதுவாக 60 கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆனால் ஆகும் நேரம் பத்து, பதினோரு மணி நேரத்துக்குக் குறையாது. அதாவது வண்டி ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் பல மடங்கு அதிகம். ஆகவே '8 மணி நேரம், 80 கிலோமீட்டர்' என்ற வழக்கமான உள்ளூர்ப் பேக்கேஜுக்கு ஒப்புக்கொண்டால், கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போதே நேரம் தீர்ந்துவிடும். சூரியன் மறையும் வேளையில், ஒவ்வொரு மணி நேரத்துக்கும் கூடுதல் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கிறதே என்ற எண்ணத்தோடு மலைமேல் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். காலை ஏழரை மணி முதல் மாலை ஏழு மணி வரை ஒரே தொகை என்று முதலிலேயே பேசிவிடுவது நல்லது. அந்தத் தொகையில் ஓட்டுநர் பேட்டா, பார்க்கிங் கட்டணம், ஏசி ஆகியவை அடங்குமா என்பதைத் தனித்தனியாகக் கேட்டு, ஒப்புக்கொண்ட விவரத்தை வாட்ஸ்அப்பில் இரண்டு வரி எழுதி அனுப்பி, அவரிடமிருந்து 'சரி' என்ற பதிலையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இதை அவநம்பிக்கையாக யாரும் எடுத்துக்கொள்வதில்லை. ஒழுங்காகத் தொழில் செய்கிற ஓட்டுநர்கள் இதை வரவேற்கவே செய்கிறார்கள், ஏனென்றால் மாலையில் தகராறு வந்தால் அவர்களுக்கும்தான் அன்றைய நாள் கெட்டுப்போகிறது.

வண்டியின் பதிவு எண் பலகை மஞ்சள் நிறத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். வெள்ளைப் பலகை வண்டி சொந்தப் பயன்பாட்டுக்கு உரியது. அதை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தவறு, விபத்து நேர்ந்தால் காப்பீட்டுத் தொகை பெறுவதிலும் சிக்கல் வரும். நூறு, இருநூறு ரூபாய் குறைகிறது என்பதற்காக முதியவர்களை அதில் ஏற்றுவதற்கு என் மனம் ஒப்புவதில்லை. இரண்டு மூன்று பேராக, உடல் வலுவுள்ளவர்களாக வந்தால் ஆட்டோவே போதும். செலவு குறைவு, ஹம்பியின் ஆட்டோ ஓட்டுநர்களுக்கு ஒவ்வொரு பாறையும் தெரியும். ஆனால் நீங்கள் ஐந்து பேர், அதிலும் முழங்கால் வலியுள்ளவர் இருப்பதால், ஓட்டுநரோடு ஆறு பேர் தாராளமாக உட்காரக்கூடிய பெரிய கார்தான் வேண்டும். இன்னோவா போன்ற வண்டியின் நடு இருக்கை, ஏறி இறங்க அம்மாவுக்கு வசதியாக இருக்கும். ஒரு நாளில் பத்துப் பன்னிரண்டு முறை ஏறி இறங்க வேண்டியிருக்கும் என்பதை நினைவில் வைத்து வண்டியைத் தேர்ந்தெடுங்கள்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் விஷயத்துக்கு வருகிறேன். ஹம்பியில் தனி வண்டி என்பது வாசல்வரை கொண்டுபோய் விடும் வசதி அல்ல. யுனெஸ்கோ 1986-ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இந்தப் பகுதி 41 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்தது. 1,600-க்கும் அதிகமான கட்டுமான எச்சங்கள் அதில் சிதறிக் கிடக்கின்றன. 1336-இல் தொடங்கி வளர்ந்து, 1565 தலைக்கோட்டைப் போருக்குப் பிறகு சூறையாடப்பட்டுக் கைவிடப்பட்ட விஜயநகரப் பேரரசின் தலைநகரம் அது. ஆற்றங்கரையில் கோயில்கள் நிறைந்த பகுதி ஒன்று, தெற்கே அரண்மனைப் பகுதி ஒன்று, நடுவே வயல்களும் பாறைக் குன்றுகளும் என்று அமைந்திருப்பதால், ஒன்றுக்கொன்று அருகில் தெரியும் இரண்டு இடங்களுக்கு நடுவே வண்டி பெரிய சுற்றுச் சுற்றித்தான் வர முடியும். ஆகவே வண்டி அமர்த்தும்போது 'எங்கெங்கே போக வேண்டும்' என்பதோடு, 'எங்கே இறங்குவோம், எங்கே வந்து ஏற்றிக்கொள்ள வேண்டும்' என்பதையும் ஓட்டுநரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும். இறங்கிய இடத்துக்கே திரும்பி நடப்பது என்று வைத்துக்கொண்டால் பாதி உடல்வலு அதிலேயே போய்விடும்.

இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு விட்டலர் கோயில். ஐம்பது ரூபாய்த் தாளில் அச்சிடப்பட்டிருக்கும் கல் தேர் இங்கேதான் இருக்கிறது. ஆனால் உங்கள் காரை ஏறக்குறைய ஒரு கிலோமீட்டருக்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து பேட்டரி வண்டியிலோ நடந்தோ செல்ல வேண்டும். விடுமுறை நாட்களில் பேட்டரி வண்டிக்கு நிற்கும் வரிசை நீளமானது, அதில் முதியவர்களை நிழலின்றி நிற்க வைப்பது பெரும் துன்பம். இதனால்தான் எப்போதும் விட்டலர் கோயிலை நாளின் முதல் இடமாக வைக்கச் சொல்கிறேன். காலையில் முதல் வண்டிகளில் ஒன்றில் போய்விட்டால், இசைத் தூண்கள் உள்ள மகா மண்டபத்தையும் கல் தேரையும் கூட்டமில்லாமல், சாய்ந்த வெளிச்சத்தில் பார்க்க முடியும். இந்திய நாட்டவருக்கான தொல்லியல் துறை நுழைவுச் சீட்டு 40 ரூபாய். அதே சீட்டு அன்றைக்கே தாமரை மகால் வளாகத்துக்கும் கமலாபுரம் அருங்காட்சியகத்துக்கும் செல்லும் என்பதால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விட்டலர் கோயிலை முடித்த பிறகு உங்கள் குடும்பம் இரண்டாகப் பிரியலாம். நடக்கக்கூடியவர்கள், அரசர்கள் தம் எடைக்கு எடை பொன்னும் மணியும் தானமளித்ததாகச் சொல்லப்படும் துலாபாரத்தைக் கடந்து, துங்கபத்திரையை ஒட்டிய கற்பாதை வழியாக, நடுவில் சற்று விலகி 1534-இல் எழுந்த அச்சுதராயர் கோயிலையும் கண்டு, ஹம்பிக் கடைவீதியை அடையலாம். ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் நடை. அம்மாவும் உடன் ஒருவரும் பேட்டரி வண்டியில் திரும்பி, காரில் சுற்றிக்கொண்டு அங்கே வந்து சேரலாம். ஹம்பியின் அழகு முழுதாகப் புலப்படுவது இந்த ஆற்றோர நடையில்தான் என்பது என் உறுதியான கருத்து. தனி வண்டி எடுத்ததன் உண்மையான பயனும் இங்கேதான் கிடைக்கிறது, ஏனென்றால் பேருந்தில் வருபவர்களால் இப்படிப் பிரிந்து சேர முடியாது. சந்திக்கும் இடத்தை மட்டும் 'கோயில் பக்கம்' என்று பொதுவாகச் சொல்லாமல், ஹம்பி பேருந்து நிறுத்தத்தை ஒட்டிய வாகன நிறுத்தம் என்பதுபோலத் துல்லியமாகச் சொல்லி, நேரத்தையும் குறித்துவிடுங்கள். பாறைகளுக்கு நடுவே அலைபேசியை நம்பி இருக்க வேண்டாம்.

அதன் பிறகு அரண்மனைப் பகுதி. தாமரை மகால், பதினொரு குவிமாட அறைகள் கொண்ட யானைக் கொட்டாரம், இராமாயணக் காட்சிகள் சுவரெங்கும் செதுக்கப்பட்ட ஹசார ராமர் கோயில், மகாநவமி மேடை, படிக்கட்டுக் குளம், அரசியின் நீராடுமிடம் ஆகியவை ஒன்றுக்கொன்று குறைந்த தொலைவில் இருப்பதால், ஒவ்வொரு வளாகத்திலும் இறங்கி ஏறிக்கொள்ளும் முறையே இங்கே சரி. மகாநவமி மேடை ஏறக்குறைய 8 மீட்டர் உயரம். கல் படிகள் செங்குத்தானவை என்பதால் அம்மா கீழேயே நின்று அடித்தளச் சிற்பங்களைப் பார்க்கலாம். வேட்டை, குதிரை வணிகம், நடனம் என்று வரிசை வரிசையாகச் செதுக்கப்பட்ட அந்தச் சிற்பங்களே மேடையின் மிகச் சிறந்த பகுதி. மேலே ஏறுபவர்கள் பலர் அவசரத்தில் அவற்றைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

நண்பகலில் கமலாபுரத்தில் சாப்பிட்டுவிட்டு, வெயில் தணியும்வரை அங்குள்ள தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருப்பது நல்லது. வெள்ளிக்கிழமை அது மூடியிருக்கும். நிலப்பரப்பு முழுவதையும் சிறிய அளவில் காட்டும் மாதிரி அமைப்பு அங்கே இருக்கிறது. காலையில் பார்த்த இடங்கள் ஒன்றோடொன்று எப்படிப் பொருந்துகின்றன என்று அப்போது விளங்கும். ஓட்டுநருக்கும் சாப்பாட்டுக்கும் ஓய்வுக்கும் இந்த ஒன்றரை மணி நேரத்தை ஒதுக்கிவிட்டால், மாலையில் அவரும் முகம் சுளிக்காமல் வருவார்.

மூன்று மணிக்கு மேல் ஒற்றைக் கல்லில் 6.7 மீட்டர் உயரத்தில் அமர்ந்திருக்கும் உக்ர நரசிம்மர், அருகில் நீருக்குள் நிற்கும் படவிலிங்கம், கிருஷ்ணர் கோயில் என்று வரலாம். இவை சாலையோரத்திலேயே இருப்பதால் அம்மாவுக்கும் சிரமமில்லை. உதயகிரிக் கோட்டையை வென்று கிருஷ்ணதேவராயர் கொண்டுவந்து இந்தக் கிருஷ்ணர் கோயிலில் நிறுவிய பாலகிருஷ்ணர் சிலை, இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சென்னைக்காரர்களான நீங்கள் முடிந்தால் புறப்படும் முன்பே எழும்பூரில் அதைப் பார்த்துவிட்டு வாருங்கள். வெறுமையாக நிற்கும் கருவறையின் முன் நிற்கும்போது அது வேறு விதமாக மனத்தில் பதியும்.

ஓட்டுநரையே வழிகாட்டியாகவும் பயன்படுத்திக்கொள்ளலாமே என்று சிலர் நினைக்கிறார்கள். பாதைக்கு அவர் போதும்; வரலாற்றுக்கு, சுற்றுலாத் துறையின் அடையாள அட்டை உள்ள வழிகாட்டியைத் தனியாக அமர்த்துவதே முறை. அரை நாளுக்கு, விட்டலர் கோயிலுக்கும் அரண்மனைப் பகுதிக்கும் மட்டும் போதும். மொழியைப் பற்றிக் கவலை வேண்டாம்: தமிழ் தெரிந்த ஓட்டுநர் அமைவது அரிது, ஆனால் கன்னடத்தோடு தெலுங்கும் இந்தியும் பரவலாகப் புழங்குவதால், உங்களில் ஒருவருக்கு ஓரளவு தெலுங்கு தெரிந்தாலே சமாளித்துவிடலாம்.

ஆற்றின் மறுகரையில் உள்ள ஆனேகுந்தியையும் 575 படிகள் ஏற வேண்டிய அஞ்சனாத்ரி மலையையும் அதே நாளில் சேர்க்கச் சொல்லி வண்டிக்காரர்கள் கேட்பதுண்டு. வண்டி புக்கசாகரப் பாலம் வழியாகச் சுற்றிப் போக வேண்டும். படகில் கடக்கலாம் என்றால் அணையில் தண்ணீர் திறந்துவிடும் நாட்களில் படகு ஓடாது. உங்கள் குடும்பத்துக்கு அது வேண்டாம். ஏப்ரல், மே மாதங்களில் வருவதையும் தவிர்த்துவிடுங்கள். பாறைகள் நெருப்பாய்க் கொதிக்கும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை ஏற்ற காலம், ஆனால் ஹம்பி உற்சவம் நடக்கும் நாட்களில் வண்டியும் தங்குமிடமும் கிடைப்பது கடினம் என்பதால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாலை விருபாட்சர் கோயிலுக்கு. இன்றும் வழிபாடு நடக்கும் கோயில் என்பதால் நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள். மாலையில் போவதற்கு அதுவும் ஒரு காரணம். கோயிலை ஒட்டியே இருக்கும் ஹேமகூடக் குன்று, ஹம்பியின் மதங்க மலையைப் போலச் செங்குத்தானது அல்ல. மெல்ல ஏறினால் அம்மாவும் பாதி தூரம் வரை வந்து சிறு கோயில்களின் திண்ணையில் உட்கார்ந்துகொள்ளலாம். சூரியன் மறைந்து இருபது நிமிடத்துக்குள் வண்டியில் ஏறிவிட்டால், ஹோசபேட்டையில் இரவு உணவை முடித்துக்கொண்டு பெங்களூர் ரயிலைப் பதற்றமின்றிப் பிடிக்கலாம். மீதி வாடகையை ரயில் நிலையத்தில் இறங்கிய பிறகே கொடுப்பதாகப் பேசுங்கள். காலையில் எரிபொருளுக்கென்று முன்பணம் கேட்டால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தர வேண்டியதில்லை.