கஞ்சப்பிசினாறி: கேட்டதும் சொன்னதும்

கே: கஞ்சன், கஞ்சப்பிசினாறி இரண்டும் ஒன்றுதானா?
ப: ஆள் ஒன்றுதான், சூடு வேறு. நண்பனை முகத்துக்கு நேரே கஞ்சன் என்று சொல்லிச் சிரிக்கலாம். பிசினாறி சேர்ந்தால் வசவு. வைத்துக்கொண்டே கொடுக்காதவனுக்குத்தான் இரண்டும். இல்லாதவனைப் பார்த்துச் சொல்லாதீர்கள்.

கே: கஞ்சி குடித்தே காசு சேர்ப்பவன், அதனால்தானே கஞ்சன்?
ப: ஒலி ஒத்துப்போனால் வேர் ஆகிவிடாது.

கே: திருப்பாவையில் ‘கஞ்சன் வயிற்றில் நெருப்பென்ன’ என்று வருகிறதே?
ப: 25ஆம் பாசுரம். அந்தக் கஞ்சன் கண்ணனின் மாமன் கம்சன். அவன் மேல் எத்தனையோ குற்றம் உண்டு, கஞ்சத்தனம் அதில் சேராது.

கே: ‘எச்சில் கையால் காக்கா ஓட்டமாட்டான்’ பழைய வழக்கா?
ப: இப்படி ஒரு கேள்வி வராதா என்றிருந்தேன். கையை வீசினால் ஒட்டிய பருக்கை விழும், காக்கை தின்றுவிடும். அதற்கும் மனசு வராதவன். வள்ளுவரும் 1077ஆம் குறளில் இந்தக் கையைத்தான் காட்டுகிறார்: ‘ஈர்ங்கை விதிரார் கயவர்’. தாடையை உடைக்கக் கையை முறுக்கிக்கொண்டு வருபவருக்கு அல்லாமல், மற்றவருக்கு உண்ட ஈரக்கையைக்கூட உதறமாட்டார்களாம். குறளில் காக்கை இல்லை, பேச்சுவழக்கில் இருக்கிறது. அவர் இதை வைத்த அதிகாரம் கயமை. சிக்கனத்தோடு குழப்பிக்கொள்பவர்கள் கவனிக்க.

கே: சிக்கனக்காரரையும் கஞ்சன் என்றுதானே சொல்கிறார்கள்?
ப: கடன் கேட்டுக் கிடைக்காதவர்கள் சொல்வார்கள்.

கே: நழுவாதீர்கள். பிறருக்குக் கொடுத்துவிட்டுத் தனக்கு மட்டும் செலவழிக்காதவர்?
ப: அவரைக் கஞ்சன் என்பது அநியாயம். தனக்கும் இல்லை, பிறர்க்கும் இல்லை என்பவனைத்தான் நல்வழி ‘பாடுபட்டுத் தேடிப் பணத்தைப் புதைத்துவைத்து’ என்று தொடங்கித் திட்டுகிறது.

கே: அப்படியானால் எல்லை எங்கே?
ப: தேவையில். காய்ச்சலில் கிடந்தும் காசிருந்தும் மருந்து வாங்காதது சிக்கனமா? இல்லாதவனைச் சொல்லவில்லை, மறுபடியும் சொல்கிறேன்.

கே: கஞ்சன் என்பது கஞ்சியிலிருந்து...
ப: மேலே ஏற்கெனவே சொன்னதைப் படியுங்கள்.

கே: கஞ்சனுக்குப் பெண்பால்?
ப: ‘கஞ்சி’ என்றால் டம்ளரை நீட்டுவார்கள். ‘அவ சரியான கஞ்சம்’ போதும், ஆணுக்கும் அதுவே. கருமி, பிசினாறி இரண்டும் இருபாலுக்கும் பொருந்தும்.

கே: பிசினாறியா, பிசினாரியா?
ப: வல்லின றி.

கே: சம்பளம் ஏற்றாத முதலாளியை எல்லார் முன்னாலும் இப்படிச் சொன்னால் வழக்குப் போடுவாரா?
ப: வக்கீலைக் கேளுங்கள்.