கேள்வி பதில்: தூதரக வாசலைத் தாண்டினால் தப்பிக்கலாமா?

கேள்வி: கிரேஞ்ச் ரோட்டில் உள்ள இந்தியத் தூதரகம் சட்டப்படி இந்திய மண் என்கிறார்களே. அதற்குள் ஓடிப்போய்விட்டால் சிங்கப்பூர் போலீஸ் பிடிக்க முடியாதா? (வாசகர், ஈசூன்)

பதில்: இந்திய மண் இல்லை. அது சிங்கப்பூர் நிலம்தான். அங்கே திருடினாலும் சிங்கப்பூரில் திருடியதாகத்தான் கணக்கு. ஆனால் தூதரக உறவுகள் பற்றிய 1961 வியன்னா உடன்படிக்கையின் 22ஆம் பிரிவுப்படி, தூதரகத் தலைவர் சம்மதிக்காமல் போலீஸ் உள்ளே கால்வைக்க முடியாது. தீப்பிடித்தால்கூட இதற்கு விலக்கு எழுதிவைக்கவில்லை. துணைத் தூதரகங்களுக்கான 1963 உடன்படிக்கைதான், தீ போன்ற ஆபத்தில் சம்மதம் கிடைத்ததாகக் கொள்ளலாம் என்கிறது.

உள்ளே போவது சுலபம், வெளியே வருவதுதான் பாடு. இங்கே சில தூதரகங்கள் அலுவலகக் கட்டடங்களில் ஒரு தளத்தை வாடகைக்கு எடுத்திருக்கின்றன. அங்கெல்லாம் லிஃப்டும் வராந்தாவும் எல்லாருக்கும் பொது. அங்கே கால் வைத்த நிமிடமே கைது செய்யலாம். தூதரகக் காரைச் சோதிக்க முடியாது என்பது சரி, ஆனால் காரில் ஏறும்வரை நடக்க வேண்டுமே! லண்டனில் எக்குவடோர் தூதரகத்துக்குள் 2012 ஜூனில் புகுந்த விக்கிலீக்ஸ் நிறுவனர் ஜூலியன் அசாஞ்ச் இப்படித்தான் ஏறக்குறைய ஏழு ஆண்டு அடைபட்டார். 2019 ஏப்ரலில் எக்குவடோரே அடைக்கலத்தை விலக்கிக்கொண்டு, தூதரே போலீஸை உள்ளே அழைத்தார்.

தஞ்சம் புகுந்தவரைப் பத்திரமாக நாட்டைவிட்டு அனுப்பிவைக்க வேண்டும் என்று எல்லா நாடுகளுக்கும் பொதுவான அனைத்துலகச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்துவதில்லை. பெருவின் அரசியல் தலைவர் ஹாயா டெ லா டோரே 1949இல் லிமாவின் கொலம்பியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். தந்த அடைக்கலம் முறையானதல்ல என்று அனைத்துலக நீதிமன்றம் 1950இல் சொன்னது. அதற்காக ஒப்படைக்கத் தேவையில்லை என்றும் 1951இல் சொன்னது. வைத்திருக்கவும் கூடாது, கொடுக்கவும் வேண்டாம் என்றால் என்ன செய்வது? மனிதர் 1954 வரை உள்ளேயே இருந்தார். அதே ஆண்டு கராகஸில் லத்தீன் அமெரிக்க நாடுகள் தூதரகத் தஞ்சம் பற்றித் தங்களுக்குள் தனி உடன்படிக்கை செய்துகொண்டன. நம் வட்டாரத்தில் அப்படியொன்று இல்லை. சிங்கப்பூர் 1951 அகதிகள் உடன்படிக்கையிலும் சேரவில்லை.

கேள்வி: முதலாளி பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு தர மறுக்கிறார். தூதரகத்தில் தஞ்சம் கேட்கலாமா? (வாசகர், உட்லண்ட்ஸ்)

பதில்: இதற்குத் தஞ்சம் வேண்டாம், புகார் போதும். ஊழியரின் பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்துவைப்பது இங்கே குற்றம். முதலில் மனிதவள அமைச்சிடம் போங்கள். வேலை அனுமதி அட்டையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். பாஸ்போர்ட் தொலைந்தே போயிருந்தால் போலீஸில் புகார் கொடுத்து, அந்தப் புகார் நகலுடன் தூதரகத்துக்குச் செல்லுங்கள்.