பன்றிக்குப் புல் வளர்க்க நகையை அடகு வைக்கலாமா?

கேள்வி: ஈரோடு மாவட்டத்தில் கிணற்றுப் பாசனம் உள்ள 2 ஏக்கர் நிலத்தில் வெண்பன்றி வளர்க்கிறேன். 4 தாய்ப்பன்றிகளும், விற்பனைக்காக வளரும் 30 பன்றிகளும் உள்ளன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குப் பயந்து ஹோட்டல் கழிவு கொடுப்பதை நிறுத்திவிட்டேன். இப்போது முழுக்க அடர்தீவனம்தான் (தானியம், தவிடு, புண்ணாக்கு கலந்தது). கிலோ 30 ரூபாய். 25 கிலோ குட்டி 130 நாளில் 90 கிலோவுக்கு வருகிறது. ஒரு கிலோ எடை கூட மூன்றரை கிலோ தீவனம் செலவாகிறது. ஒரு பன்றிக்குச் சுமார் 2,000 ரூபாய் மிஞ்சுகிறது. ஒரு ஏக்கரில் கம்பு நேப்பியர் ஒட்டுப்புல் வைத்தால் தீவனத்தைப் பாதியாகக் குறைக்கலாம் என்கிறார் நண்பர். நடவு, சொட்டுநீர், மின்சாரப் புல் நறுக்கும் இயந்திரம் ஆகியவற்றுக்கு 1,80,000 ரூபாய் தேவை. வீட்டு நகையை 9.5 சதவீத வட்டிக்கு அடகு வைக்கலாமா?

பதில்: வைக்க வேண்டாம். புல்லே கூடாது என்று நான் சொல்லவில்லை. உங்கள் பன்றிகளுக்குத் தேவையான புல்லுக்கு ஒரு ஏக்கரும் தேவையில்லை, 1,80,000 ரூபாயும் தேவையில்லை என்றே சொல்கிறேன். ஹோட்டல் கழிவை நிறுத்தியது நல்ல முடிவு. 2020இல் இந்தியாவில் முதன்முதலாகத் தெரியவந்த ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலுக்குச் சிகிச்சை கிடையாது. அது கொட்டிலுக்குள் நுழைந்தால் தீவனச் செலவைப் பற்றிக் கவலைப்பட ஒரு பன்றிகூட மிஞ்சாமல் போகலாம். எனவே தீவனச் செலவு எவ்வளவு உயர்ந்தாலும் பழைய வழிக்குத் திரும்பாதீர்கள்.

நண்பரின் யோசனை மாட்டுக்குப் பொருந்தும். மாட்டைப்போல் புல்லை ஊறவைத்து அசைபோடும் வயிறு பன்றிக்கு இல்லை. பெருங்குடலில் நார் ஓரளவு நொதித்துச் சக்தி கிடைக்கிறது என்றாலும், வளரும் பன்றியில் அந்த அளவு குறைவு. இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பச்சை நேப்பியரில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். 5 கிலோ புல்லை நறுக்கிப் போட்டாலும் உள்ளே போகும் உலர்பொருள் ஒரு கிலோதான், அந்த ஒரு கிலோவும் ஒரு கிலோ மக்காச்சோளம் தரும் சக்தியில் பாதியைக்கூடப் பன்றிக்குத் தராது. வயிறு நிறைந்துவிடும், எடை கூடாது.

பாதித் தீவனத்தைக் குறைத்தால் என்ன ஆகும் என்று உங்கள் எண்களை வைத்தே பார்ப்போம். இப்போது ஒரு பன்றி 65 கிலோ எடை கூட சுமார் 227 கிலோ தீவனம் தின்கிறது. அதன் விலை ஏறத்தாழ 6,800 ரூபாய். நாளுக்கு 500 கிராம் கூடிவந்த எடை, பாதித் தீவனமும் 3 கிலோ புல்லும் கொடுக்கும்போது 300 கிராமாக இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். இது மிகையான அனுமானம் அல்ல. அதே 90 கிலோவை எட்ட 217 நாட்கள் ஆகும். அதற்குள் 190 கிலோ தீவனம் போய்விடும், மிச்சம் சுமார் 1,125 ரூபாய்தான். தண்ணீர், உரம், வெட்டுக்கூலி எல்லாம் சேர்த்துப் புல்லைக் கிலோ ஒன்றரை ரூபாய்க்குக் கணக்கிட்டாலும் 650 கிலோ புல்லுக்கு ஏறத்தாழ 975 ரூபாய் ஆகிவிடுகிறது. மீதி நிற்பது 150 ரூபாய் சொச்சம். நகைக்கடனுக்கு ஆண்டு வட்டி 17,100 ரூபாய்; அதை இந்த மெதுவான வளர்ச்சியில் ஆண்டுக்கு விற்கும் 48 பன்றிகளின் மேல் (அந்தக் கணக்கு கீழே) வகுத்தால் ஒன்றுக்கு 350 ரூபாய்க்கு மேல் வருகிறது. அசலைத் திருப்புவதைப் பற்றி நான் இன்னும் பேசவே இல்லை.

இதைவிடப் பெரிய இழப்பு கொட்டிலில் இருக்கிறது. சுத்தம் செய்யும் 10 நாட்களையும் சேர்த்தால் இப்போது ஒரு தொகுதிக்கு 140 நாட்கள், ஆண்டுக்கு ஏறத்தாழ 78 பன்றிகள். 227 நாட்களாக நீண்டால் 48 பன்றிகள்தான் விற்பனைக்கு வரும். 30 பன்றிகளின் வருமானம், அதாவது 60,000 ரூபாய், எந்தப் பில்லிலும் எழுதப்படாமலேயே கையைவிட்டுப் போய்விடும். தீவனப் பில் குறைவதைக் கண் பார்க்கிறது, நாள் கூடுவதை யாரும் குறித்துவைப்பதில்லை. பண்ணைக் கணக்குகளில் நான் அடிக்கடி காணும் பிழை இதுதான், நல்ல உழைப்பாளிகளும் இதில் பணத்தை இழப்பதைப் பார்க்க வருத்தமாக இருக்கிறது.

புல்லுக்கு உரிய அளவு வேறு. 50 கிலோவைத் தாண்டிய பன்றிகளுக்கு மட்டும், அடர்தீவனத்தில் பத்தில் ஒரு பங்கை, அதாவது நாளுக்கு 200 கிராம் அளவைக் குறைத்து, 30 முதல் 35 நாள் வளர்ந்த இளம்புல்லைப் பொடியாக நறுக்கி ஒன்றேகால் கிலோ கொடுங்கள். (மாட்டுக்கு வெட்டும் 45 நாள் புல்லில் தண்டும் நாரும் கூடிவிடும்.) 50இலிருந்து 90 கிலோவுக்கு வரும் 80 நாட்களில் ஒரு பன்றிக்கு 16 கிலோ தீவனம், 480 ரூபாய் மிச்சம். புல்லின் செலவு 150 போக 330 ரூபாய் நிற்கும். 78 பன்றிகளுக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய 25,700 ரூபாய். ஆனால் இந்தக் கணக்கு மெல்லிய நூலில் நிற்கிறது. ஒரு பன்றி கூடுதலாக ஒரு நாள் கொட்டிலில் நின்றால் தீவனமே 60 ரூபாய் என்பதால், விற்பனை 5, 6 நாள் தள்ளினாலே அந்த 330 ரூபாயும் கரைந்துவிடும்.

ஆகவே முதலில் 6 பன்றிகளை மட்டும் தனி அறையில் விட்டு, 30 நாள் இந்த முறையில் வளர்த்து, தொடக்கத்திலும் முடிவிலும் எடை போட்டுப் பாருங்கள். நாளுக்கு 470 கிராமுக்குக் குறையாமல் எடை கூடினால் தொடருங்கள். குறைந்தால் வளரும் பன்றிகளுக்குப் புல்லை நிறுத்திவிடுங்கள்.

தாய்ப்பன்றிகளின் கதை வேறு, அங்கேதான் புல்லுக்கு நியாயமான இடம் உண்டு. முதிர்ந்த பன்றியின் பெருங்குடல் நாரைக் கூடுதலாகப் பயன்படுத்திக்கொள்ளும். சினைக்காலமான 114 நாட்களிலும் அது கொழுத்துவிடாதபடி நாம் தீவனத்தை அளந்துதான் கொடுக்கிறோம். பசியில் அது தவிக்கவும் செய்கிறது. அரைக் கிலோ தீவனத்தைக் குறைத்து 5 கிலோ இளம்புல் கொடுத்தால் வயிறும் நிறையும், மலச்சிக்கலும் குறையும். ஆண்டுக்கு இரண்டு ஈற்று என்றால், புல் செலவு போக ஒரு தாய்க்குச் சுமார் 1,700 ரூபாய், நான்குக்கும் 6,800 ரூபாய் மிஞ்சும். குட்டி ஈன்று பால் கொடுக்கும் நாட்களில் மட்டும் தீவனத்தில் கை வைக்காதீர்கள்.

இவ்வளவுக்கும் ஆண்டுக்கு வேண்டிய புல் 12 முதல் 13 டன். நன்றாகப் பராமரித்த கோ-5 என்ற நேப்பியர் ரகம் ஒரு ஏக்கரில் ஆண்டுக்கு ஏறத்தாழ 150 டன் தரும். ஒரு ஏக்கர் போட்டிருந்தால் பெரும்பகுதி முற்றி வீணாகியிருக்கும். இளசாக வெட்டுவதால் மகசூல் குறையும் என்பதையும் சேர்த்து 15 சென்ட்டில் நேப்பியரும், புரதத்துக்காக 5 சென்ட்டில் வேலிமசால் என்ற தீவனச் செடியும் போதும். 60-க்கு 50 சென்டிமீட்டர் இடைவெளியில் நேப்பியருக்குச் சுமார் 2,000 கரணைகள் (நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டுகள்) தேவைப்படும். தினமும் வெட்டும் அளவுக்குக் கையால் சுற்றும் நறுக்கி போதுமானது. ஒரு தொகுதி விற்றால் உங்களுக்கு மிஞ்சும் 60,000 ரூபாயில் ஒரு பகுதியே இதற்குப் போதும். நட்டு 75 முதல் 80 நாளில்தான் முதல் அறுவடை என்பதால், அதுவரை தீவனப் பில் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள். கொட்டில் கழுவிய நீரை நேரே புல்லுக்குப் பாய்ச்சினால் குடற்புழு முட்டைகள் மறுபடி பன்றியின் வயிற்றுக்கே போகும்; எருவை நன்றாக மக்கவைத்துப் போடுங்கள்.

கடன்தான் வாங்க வேண்டும் என்றால் அதைப் புல்லில் போடாமல் தீவன மூலப்பொருளில் போடுங்கள். மக்காச்சோளம் வரத்து மிகும் மாதங்களில் நன்கு காய்ந்த சரக்காக வாங்கி இருப்பு வைத்து, தவிடு, புண்ணாக்கு, தாதுக்கலவை ஆகியவற்றுடன் கால்நடை மருத்துவர் சொல்லும் விகிதத்தில் நீங்களே அரைத்துக் கலந்தால், கிலோவுக்கு 2 ரூபாய் குறைந்தாலே பன்றிக்கு 455 ரூபாய், ஆண்டுக்கு ஏறக்குறைய 35,500 ரூபாய் மிச்சம். புல்லால் வருவதைவிட இது அதிகம், எடையும் குறையாது. ஈரமான மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு பிடிக்கும் என்பதால் ஈரப்பதத்தில் மட்டும் சமரசம் செய்யாதீர்கள். இந்த நடைமுறை மூலதனத்துக்கு நகை வேண்டாம். கால்நடை வளர்ப்புக்கான விவசாயிகள் கடன் அட்டையில் 2 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டியில் கிடைக்கும். தவணை தவறாமல் கட்டினால் 3 சதவீதம் சலுகை போக 4 சதவீதமே சுமை. பன்றிகளின் எண்ணிக்கை, கொட்டில், நிலப்பத்திரம் ஆகியவற்றின் நகலுடன் உங்கள் கணக்கு உள்ள வங்கியில் விண்ணப்பியுங்கள். ஒரு தொகுதி விற்கும் மாதத்தை ஒட்டியே திருப்பும் தேதியை அமைத்துத் தரும்படி கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.