எளிய சொற்களில் கிறிஸ்தவ அன்பை எப்படி வெளிப்படுத்துவது?

துயரத்தில் இருப்பவரிடம் வசனங்களை அடுக்காமல், கிறிஸ்தவ அன்பை எளிய சொற்களில் தெரிவிப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். பலரும் பைபிளில் அன்பைப் போற்றும் 1 கொரிந்தியர் 13-ஆம் அதிகாரத்தையே காட்டுவார்கள். நான், அப்போஸ்தலர் பவுல் பிலேமோன் என்பவருக்கு எழுதிய, 25 வசனங்களே கொண்ட நிருபத்தை (கடிதத்தை)ப் பரிந்துரைப்பேன். எஜமானனான பிலேமோனைப் பிரிந்து வந்த ஒநேசிமு என்னும் அடிமையைத் திருப்பி அனுப்பும் பவுல், அவனை இனி அடிமையாக அல்ல, பிரியமான சகோதரனாக ஏற்றுக்கொள்ளும்படி வேண்டுவதோடு நில்லாமல், அவன் ஏதேனும் கடன்பட்டிருந்தால் அதைத் தம் கணக்கில் வைத்துக்கொள்ளச் சொல்லி, தாமே அதைச் செலுத்துவதாகத் தம் கைப்பட எழுதுகிறார். கட்டளையிடும் உரிமை இருந்தும் அன்பினிமித்தம் மன்றாடுவதையே அவர் தேர்ந்தெடுக்கிறார் என்பதும் கவனிக்கத்தக்கது. ரோமர் 16-ஆம் அதிகாரத்திலோ, ரூப் என்பவரின் தாயைத் தமக்கும் தாய் என்று சொல்லி வாழ்த்துகிறார். அலங்காரம் எதுவும் இல்லை.

ஆகவே, "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்று பொதுவாகச் சொல்வதைவிட, "அக்கா, நாளைக்கு மருத்துவமனைக்கு நான் உடன் வருகிறேன்" என்று முறைசொல்லி, செய்யக்கூடியதைச் சொல்லுங்கள். "ஜெபிக்கிறேன்" என்று சொன்னால் ஜெபிக்கவும் வேண்டும் (வழக்கத்துக்காகச் சொல்பவர்கள்தான் அதிகம்). பிள்ளையை இழந்தவரிடம் மட்டும் "எல்லாம் தேவ சித்தம்" என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.