பொட்டாசியம் சேனலைத் திறக்கும் மாத்திரைக்குப் பதில் ஏத்தன் பழம் போதுமா?

கேள்வி: அப்பாவுக்கு நெஞ்சுவலிக்காக நிக்கோரண்டில் எழுதித் தந்திருக்கிறார்கள். அது ரத்தக்குழாயில் பொட்டாசியம் சேனலைத் திறக்குமாம். பொட்டாசியம் நிறைந்த ஏத்தன் (நேந்திரம்) பழமே போதாதா?

போதாது. நாகர்கோவிலில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மட்டியும் ஏத்தனும் செவ்வாழையும் விளையும் மாவட்டத்தில் இந்தச் சந்தேகம் வருவது இயல்புதான். ஆனால் அந்த மாத்திரை உடலுக்குப் பொட்டாசியம் தருவதற்கானதே அல்ல.

ரத்தக்குழாயை இறுக்குவதும் தளர்த்துவதும் அதன் சுவரைச் சுற்றியிருக்கும் தசைச் செல்கள். அவற்றுக்குள் இருக்கும் பொட்டாசியம், வெளியே இருப்பதைப் போல ஏறத்தாழ 30 மடங்கு. செல்லின் உறையில் அயனிகள் போய்வரும் வாசல்தான் சேனல்; பொட்டாசியம் சேனல் திறந்தால் பொட்டாசியம் வெளியேறும். நேர்மின்னூட்டம் கொண்ட அயனி வெளியே போகப்போக, செல்லின் உட்புறத்தில் எதிர்மின் தன்மை கூடும். அந்த மாற்றத்தில் கால்சியம் சேனல்கள் மூடிக்கொள்ளும். கால்சியம் வராவிட்டால் தசையால் சுருங்கி நிற்க முடியாது. தளர்ந்துவிடும், குழாய் விரியும். ஒன்று வெளியேறுவதால் இன்னொன்றின் வரவு நிற்கிறது என்ற இந்த ஏற்பாடு எனக்கு இன்றும் வியப்புதான்.

சேனல்களில் பல வகை உண்டு. நிக்கோரண்டில் திறக்கும் வகை, செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபி தாராளமாக இருக்கும்வரை மூடியிருக்கும். ஆக்சிஜன் பற்றாமல் ஏடிபி குறைந்தால் திறந்து கூடுதல் ரத்தத்துக்கு வழிவிடும். அந்தத் தட்டுப்பாடு வரும்வரை மருந்து காத்திருப்பதில்லை. இதனோடு, ரத்தக்குழாயை வேறு வழியில் விரிக்கும் நைட்ரேட் மருந்துகளின் வேலையையும் அது செய்யும். அதனால் ஆண்மைக் குறைவுக்குத் தரும் சில்டெனாஃபில் (வயாகரா) மாத்திரையோடு சேர்க்கவே கூடாது, ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். முதல் நாட்களில் தலைவலி வரலாம், தலையின் ரத்தக்குழாய்களும் விரிவதால். வாயில் ஆறாத புண் வந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். (முடி வளரத் தடவும் மினாக்சிடிலும் இதே சேனலைத் திறப்பதுதான், முதலில் அது ரத்த அழுத்த மாத்திரையாக வந்தது.)

பழத்தின் பொட்டாசியம் ரத்த அழுத்தத்தைக் குறைக்க உதவுவது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் சிறுநீரகம் வழியே உப்பை வெளியேற்றி நடக்கும் வேலை; நெஞ்சுவலிக்கு மாற்று ஆகாது. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு ஏத்தன் பழமும் இளநீரும் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றி, இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம். அப்பாவுக்கு ரத்தத்தில் கிரியாட்டினின் (சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது), பொட்டாசியம் இரண்டையும் பரிசோதித்துப் பாருங்கள். பொட்டாசியம் வழக்கமாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். இரண்டும் சரியாக இருந்து, சர்க்கரையும் இல்லையென்றால் பழம் தாராளமாகக் கொடுங்கள், உப்பு மிகுந்த கருவாட்டைக் குறையுங்கள். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.