ராக் அண்ட் ரோலுக்கு முந்தைய குரல் குழுக்களில் யாரைக் கேட்கலாம்? பிற்கால இசையில் அவர்கள் தடம் இருக்கிறதா?

மில்ஸ் பிரதர்ஸில் தொடங்குங்கள். 1931-இல் அவர்கள் பதிவு செய்த 'டைகர் ராக்' பாட்டை ஹெட்ஃபோனில் கேளுங்கள். முதல் தடவை கேட்டபோது பின்னால் டிரம்பெட்டும் டூபாவும் வாசிக்கிறார்கள் என்றே நம்பினேன். இருந்தது ஒரே ஒரு கிடார். மற்றதெல்லாம் வாய். அந்தக் காலத்து ஆட்களும் நம்பவில்லை போலிருக்கிறது. கிடாரைத் தவிர வேறு வாத்தியம் எதுவும் இல்லை என்று இசைத்தட்டின் லேபிளிலேயே அச்சிட வேண்டியிருந்தது.

ஓஹையோ மாநிலம் பிக்வா ஊரைச் சேர்ந்த கறுப்பினச் சகோதரர்கள் நால்வர். அப்பா முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர், அவரும் நான்கு பேர் குழுவில் பாடியவர். ஒரு போட்டிக்குப் போனபோது கஸூ என்ற சின்ன ஊதியைக் கொண்டுவர மறந்துவிட்டார்களாம். ஒருவர் கையைக் குவித்து வாயில் வைத்து டிரம்பெட் மாதிரி பாட, கூட்டத்துக்குப் பிடித்துவிட்டது. அப்புறம் ஆளுக்கொரு வாத்தியம் ஆனார்கள். 1936-இல் அடிக்குரல் பாடிய மூத்தவர் ஜான் இளம் வயதிலேயே இறந்துபோனார். அந்த இடத்தில் வந்து நின்று பாடியவர் அவர்களுடைய அப்பா. இது தெரிந்த பிறகு, அந்தக் கீழ்க்குரல் வரும்போதெல்லாம் எனக்கு நெஞ்சை அடைக்கும்.

அடுத்து இங்க் ஸ்பாட்ஸ். 1939-இல் வந்த 'இஃப் ஐ டிட்ன்ட் கேர்' போதும். சின்னக் கிடார் மீட்டல், பில் கென்னி உச்சஸ்தாயியில் உருகுவார், பிறகு ஹாப்பி ஜோன்ஸ் அதே வரிகளைக் கனத்த குரலில் பாடாமல் பேசுவார். காதில் ரகசியம் சொல்வது மாதிரி இருக்கும்.

தடம் எங்கே என்றால், டூ-வாப்பில், அதாவது சில பேர் குரல்களை அடுக்கிப் பாடும் குழுப்பாட்டு பாணியில். 1948-இல் பால்டிமோரின் ஓரியோல்ஸ் குழு வந்தது. பிறகு நகரங்களின் தெருமுனைகளில் வாத்தியம் வாங்கக் காசில்லாத பையன்கள் கூடிப் பாடினார்கள். எதிரொலி நன்றாக வரும் என்று மாடிப்படிக்கட்டிலும் சுரங்க ரயில் நிலையத்திலும் நின்று பாடியவர்கள் உண்டு. உச்சத்தில் ஒருவர், கீழே பேஸ் வாத்தியம்போல் ஒருவர் என்ற அந்த அமைப்பு மேலே சொன்ன இரண்டு குழுக்களிலும் ஏற்கெனவே இருந்ததுதான்.

இன்னொன்று. 1953-இல் 18 வயது எல்விஸ் பிரெஸ்லி, மெம்பிஸில் ஒரு ஸ்டுடியோவுக்குப் போய் சுமார் 4 டாலர் கொடுத்து இரண்டு பாட்டுகளைத் தன் சொந்தச் செலவில் பதிவு செய்தார். அதில் ஒன்றான 'தட்ஸ் வென் யுவர் ஹார்ட்ஏக்ஸ் பிகின்' இங்க் ஸ்பாட்ஸ் முன்பே பாடியது. நடுவில் அவரும் பாட்டை நிறுத்தி, ஹாப்பி ஜோன்ஸ் மாதிரியே வரிகளைப் பேசுவார். தேடிக் கேளுங்கள்.