கடைகளின் சொந்த பிராண்ட் ஒயின்களைப் பெயர் மறைத்து ருசிபார்ப்பது எப்படி?

ஒரே திராட்சை வகையில் வாங்குங்கள். கபர்னே சாவிஞோனும் பினோ நுவாரும் கலந்தால் திராட்சையைத்தான் ஒப்பிடுவீர்கள், கடையை அல்ல. காஸ்ட்கோ (அதன் பிராண்ட் கிர்க்லாண்ட்), ஆல்டி, டிரேடர் ஜோஸ் போன்ற பல்பொருள் கடைகளின் சொந்த பிராண்டில் நான்கு பாட்டில். கூடவே விலை கூடிய பிரபல ஒயின் ஒன்று. ஆறாவதாக, அந்த ஐந்தில் ஏதாவது ஒன்றையே இன்னொரு பாட்டில் வையுங்கள். ஒரே ஒயினுக்கு இருவேறு மதிப்பெண் போடுபவரின் தீர்ப்பை எவ்வளவு நம்பலாம் என்பது அதில் தெரிந்துவிடும்.

காகிதப் பை மட்டும் போதாது. கழுத்துத் தகடு, கார்க், திருகுமூடி எல்லாமே காட்டிக்கொடுக்கும், முன்பே அகற்றுங்கள். பையில் போடுபவர் ஒருவர், இடம் மாற்றி எண் எழுதுபவர் வேறொருவர் என்றால் விடை யாருக்கும் தெரியாது, அவர்களும் ருசிபார்க்கலாம்.

சிவப்பு ஒயினுக்கு 16-18 டிகிரி செல்சியஸ். ஆளுக்கு 50 மி.லி. ஊற்றினால் 750 மி.லி. பாட்டில் 15 பேருக்கு வரும். துப்புவதற்குத் தனிக் கோப்பை வையுங்கள் (யாரும் வெட்கப்பட வேண்டாம், ஆறு சுற்று என்றால் 300 மி.லி.). இடையில் தண்ணீர், உப்பில்லாத பிஸ்கட். சீஸ் கடைசியில்தான், அது துவர்ப்பை மழுப்பி, சுமாரான ஒயினையும் தூக்கிவிடும்.

பெரும்பாலும் காரியம் கெடுவது பேச்சால். "நாலாவது பிரமாதம்" என்று ஒருவர் சொன்னால் மற்றவர்களின் நாக்கும் அந்தப் பக்கம் சாயும். எல்லோரும் மதிப்பெண் எழுதி முடித்த பிறகே பையைப் பிரியுங்கள்.